முழுப் பொன்னாடை

சங்கரன்கோவிலில் எங்கள் தெருக்காரர்கள் எல்லோரும் கத்தித்தான் பேசுவோம். வெளியூர்க்காரர்கள் சண்டை என்று நினைத்துக்கொள்வார்கள். வீட்டுக்கு வீடு விசைத்தறி ஓடும்போது மெதுவாகப் பேசி என்ன பிரயோஜனம்? வாரத்தில் ஒரு நாள் கரண்ட் விடுமுறை. அன்றைக்குத் தறிகள் நின்றாலும் குரல் மட்டும் இறங்காது. எங்கள் சினிமா விசாரணை நடப்பது அந்த மாதிரி ஒரு நாளில்தான்.

வருஷா வருஷம் அரசாங்கம் சிறந்த படம், சிறந்த இயக்குநர் என்று பரிசு அறிவித்த பிறகு, அது சரியான ஆளுக்குத்தான் போயிருக்கிறதா என்று எங்கள் தெரு கூடி விவாதிக்கும். மெட்ராஸில் கொடுத்த தீர்ப்புக்கு மேல்முறையீடு எங்கள் தெருவில் என்பது எங்கள் நினைப்பு. தெரு ஜெயிக்கவைத்த இயக்குநருக்கு ஜரிகை போட்ட பொன்னாடை ஒன்று நெய்து பார்சலில் அனுப்புவார்கள். இதுவரை ஒருத்தரும் பதில் போட்டதில்லை. அதற்காக நாங்கள் பரிசை நிறுத்தியதும் இல்லை.

நடுவர் எப்போதும் அப்பாதான். சிவனா விஷ்ணுவா என்ற சண்டையையே பாதிப் பாதி உடம்பாக நின்று தீர்த்துவைத்த சாமியின் ஊர் அல்லவா? அப்பாவும் அந்த வழிதான். இந்தப் படத்தில் கதை நன்று, அந்தப் படத்தில் உருக்கம் நன்று, ஆகவே இரண்டுக்கும் பரிசு என்பார். நெய்தது ஒரே பொன்னாடை என்பதால் அதை நடுவில் வெட்டி ஆளுக்குப் பாதி அனுப்புவார்கள். பெரிய பெரிய இயக்குநர்கள் ஒரு தோளை மட்டும் போர்த்திக்கொண்டு நிற்பதை நினைத்து அம்மா வயிறு வலிக்கச் சிரிப்பாள்.

நான் ஆறாம் வகுப்பு படித்த வருஷம் எங்கள் வீட்டிலேயே ஒரு வழக்கு வந்தது. அப்பாவின் தங்கையான என் அத்தைக்குப் பாளையங்கோட்டையில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. அதே சமயம் ராஜபாளையத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டாரும் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். தாத்தா இல்லாத வீட்டில் அப்பா சொல்வதுதான் முடிவு. அங்கேயும் அவர் பாதிப் பாதிதான்.

"மொதல்ல கல்யாணத்த முடிப்போம். பொறவு அவுக படிக்க அனுப்புவாக" என்றார்.

அனுப்பமாட்டார்கள் என்று அத்தைக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அவள் அண்ணனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. தறிக்கு நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொடுப்பது அவள் வேலை. தலையைக் குனிந்துகொண்டு ராட்டையை முன்னைவிட வேகமாகச் சுற்றினாள்.

அந்த வருஷப் பரிசு ஒரு பெரிய இயக்குநரின் படத்துக்குப் போயிருந்தது. அண்ணன் காட்டிய மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டி, பாடாய்ப் பட்டு, கடைசியில் அண்ணன் மடியிலேயே உயிரை விடும் தங்கையின் கதை. எங்கள் டாக்கீஸில் அதைப் பார்த்து ஊரே மூக்கைச் சிந்தியது. அத்தையோ, ஒரு புது இயக்குநரின் சின்னப் படத்துக்குத்தான் பரிசு கொடுத்திருக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அதில் தங்கை, எனக்கு இப்போது கல்யாணம் வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு வேலைக்கு ரயிலேறிப் போவாள். ஒரு சண்டை கிடையாது, ஒரு ஆட்டம் கிடையாது. வந்த வாரமே அந்தப் படத்தைத் தூக்கிவிட்டார்கள்.

பெரிய பெண்கள் எங்கள் விவாதத்தில் எழுந்து பேசுவது வழக்கமில்லை. சின்னப் பெண்பிள்ளைகள் பேசலாம். எனக்கோ வாய் நீளம். அத்தை ராட்டை பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு, போருக்குப் போகிற மாதிரி போனேன்.

பெரிய படத்தின் கட்சிக்கு என் தாய்மாமா தலைவர்.

"அண்ணன் பேச்சத் தட்டுத பொண்ணுக்குப் பரிசு குடுத்தா, நாளைக்கு நம்ம வீட்டுப் பிள்ளைகளும் ரயிலேறிரும்வே!" என்று அவர் முழங்க, ஆண்கள் பக்கம் கைதட்டல் பறந்தது.

நான் நூல் பெட்டி மேல் ஏறினேன். "பெரிய படத்துல தங்கச்சி அழுதா. அண்ணன் அழுதான். நாமளும் அழுதோம். ஒனக்கு என்ன வேணும்னு அந்தத் தங்கச்சிகிட்ட ஒரு சீன்லயாவது யாராவது கேட்டாவளா?"

மாமா பதில் சொல்ல எழுவதற்குள், பெண்கள் பக்கத்திலிருந்து "கேக்கல!" என்று ஒரு குரல் வந்தது. அது என் அம்மாவின் குரல். பிறகு அந்தப் பக்கம் முழுவதுமே கேக்கல, கேக்கல என்று கத்தியது.

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "ரெண்டு படத்துலயும்..." என்று வழக்கம்போல ஆரம்பித்தார். அத்தை சொல்லிக்கொடுத்தது எனக்குத் தீர்ந்துபோயிருந்தது. அடுத்தது என் சொந்தச் சரக்கு. அவ்வளவு அழகான ஜரிகையைக் கத்திரிக்கோலால் வெட்டுவது எனக்குப் பொறுக்காது.

"பாதின்னா எங்களுக்கு வேண்டாம்ப்பா! வெட்டாமக் குடுங்க!"

அப்பா என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், பெண்கள் கூட்டத்தின் ஓரத்தில் நின்ற அத்தையைப் பார்த்தார்.

"இந்த வருசம் வெட்ட வேண்டாம். முழுசும் சின்னப் படத்துக்கே" என்றார்.

கைதட்டலில் தெரு கிழிந்தது. தோற்ற மாமாவே என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ரத வீதி வரை கத்திக்கொண்டு போய்க் கலர் சோடா வாங்கிக்கொடுத்தார். அந்த உயரத்திலிருந்து கோபுரம்கூட எனக்குச் சின்னதாகத்தான் தெரிந்தது.

மறுநாள் காலையில் அப்பா மாப்பிள்ளை வீட்டாரிடம் பேச ராஜபாளையம் பஸ் ஏறினார். மத்தியானம் திரும்பி வந்து அத்தையிடம், "பெட்டிய அடுக்குட்டி. பாளையங்கோட்டைக்கு நானே கொண்டுவந்து விடுதேன்" என்றார். அத்தை என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்தப் புது இயக்குநர் ஜெயித்ததற்குத்தான் இவ்வளவு அழுகை என்று நினைத்து, அவர் ரொம்ப சந்தோஷப்படுவார் என்று முதுகில் தட்டி ஆறுதல் சொன்னேன்.

அத்தை பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாகி, நானும் வேலைக்குப் போன பிறகு ஒரு நாள், அப்பாவின் ரசனையைப் பாராட்டி, அந்தச் சின்னப் படத்தில் உங்களுக்கு எந்த இடம் ரொம்பப் பிடித்தது என்று கேட்டேன்.

"நான் எங்கட்டி பாத்தேன்? நூல் வாங்க மதுரைக்குப் போயிருந்தேன். வாரதுக்குள்ள படத்தத் தூக்கிட்டானே" என்றார்.

நூல் பெட்டி மேல் நின்று நான் எந்த வழக்கில் வாதாடினேன் என்பது, அன்றைக்கு அந்தத் தெருவில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியாமல் இருந்திருக்கிறது.