பதினேழு பல்லும் பதினெட்டுப் பல்லும்

அவருக்குப் பல்லெண்ணி என்று பேர் வைத்தது அவருடைய பெரியப்பா. அப்பாவுக்கு மூத்தவர், கியர் பாக்ஸ் பட்டறை வைத்திருந்தவர். பன்னிரண்டு வயதில் அங்கே மண்ணெண்ணெயில் சாமான் கழுவ உட்கார்ந்த இவர், ஒரு கியர் சக்கரத்தைக் கையில் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவுவார். "முப்பத்தொண்ணு" என்பார். எண்ணிப் பார்த்தால் முப்பத்தொன்றுதான் இருக்கும். பெரியப்பாவின் மைத்துனர் இதை நம்பாமல் மூன்று தடவை பந்தயம் கட்டி மூன்றிலும் தோற்றார். அந்த மைத்துனரின் மகளைத்தான் பிற்பாடு இவருக்குக் கட்டிவைத்தார்கள். "பந்தயத்துல தோத்ததுக்கு எங்கப்பா என்னத் தள்ளி விட்டுட்டாரு" என்று அந்த அம்மாள் இன்றைக்கும் சொல்வதுண்டு.

இப்போது இவருக்கு வயது அறுபத்திரண்டு. பெரியப்பா போய்ச் சேர்ந்து எத்தனையோ காலமாயிற்று. மனைவியின் தம்பி டயர் கடை வைத்திருக்கிறார். கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, அதில்தான் இவர் வேலை. டயர் அடுக்க இடமில்லாமல் திண்டாடும் மச்சானுக்கு அந்தக் கொட்டகை மேல் ரொம்ப நாளாகவே ஒரு கண். அக்கா வீட்டுக்காரர் என்பதால் நேராகக் கேட்கவும் வாய் வராது.

"மச்சான், இன்னும் எத்தன நாளைக்குக் காருக்கடியில படுத்துப் படுத்து எந்திரிப்பீங்க? வீட்டுல அக்காவோட சண்ட போட்டுக்கிட்டு நிம்மதியா இருக்கலாம்ல?"

"உங்க அக்காவோட சண்ட போடுறதுக்கு இது எவ்வளவோ தேவல."

இப்படியே பேச்சு வளர்ந்து ஒரு நாள், "நான் பூட்டுன பாக்ஸ் ஒண்ணே ஒண்ணு பழுதுன்னு திரும்பி வரட்டும், அன்னிக்கே காலி பண்ணிடுறேன்" என்று வாயை விட்டுவிட்டார். அதுவரை ஒன்றும் திரும்பி வந்ததில்லை. அந்தத் தைரியம்.

ஆனால் அவர் யாரிடமும் சொல்லாத சங்கதி ஒன்று இருந்தது. ஏழெட்டு மாதமாக வலது கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரலும் மரத்துப்போய்க் கிடந்தன. ரப்பர் உறை மாட்டியது மாதிரி. சட்டைப் பொத்தானைக் குனிந்து பார்த்துத்தான் போட வேண்டியிருந்தது. தூங்கி எழுந்தால் சரியாகும் என்று பார்த்தார். தூங்கி எழுந்தால் தோள்பட்டையும் சேர்ந்துகொண்டதுதான் மிச்சம்.

அந்தச் சமயத்தில்தான் பல் டாக்டரின் கார் வந்தது. நாற்பது வயது மனுஷர், மாமனார் ஓட்டிய பழைய ரெண்டு சீட்டுப் பந்தயக் காரை ஆசையாக வாங்கி, புது என்ஜின் மாற்றியிருந்தார். என்ஜினுக்கு இரண்டு மடங்கு பலம். கியர் பாக்ஸ் மட்டும் பழையது.

"ஃபர்ஸ்ட் கியரு போட்டதும் தீந்து போகுதுண்ணே. மூணுலேருந்து நாலுக்குப் போனா என்ஜின் அப்படியே அமுங்கிடுது."

"படிக்கட்டுல நடுவுல ரெண்டு படி இல்லாத மாதிரி."

"அதேதான்! அந்தப் படியக் கட்டணும். செட்டு வரவழைச்சுட்டேன்."

கொட்டகைக்குச் சாப்பாடு கொண்டுவந்த அம்மாள் இருவரையும் பார்த்துச் சிரித்தார். "நல்ல ஜோடி. ரெண்டு பேருக்கும் பொழப்பு பல்லுலதான்."

வேலை இதுதான். என்ஜினிலிருந்து பாக்ஸுக்குள் நுழைகிற முன் ஷாஃப்டில் ஒரு கியர். அது கீழே கிடக்கும் அடி ஷாஃப்டின் கியரைச் சுற்றும். இரண்டும் ஜோடி. பழைய ஜோடியில் மேலே பதினேழு பல், கீழே இருபத்தொன்பது. புதுச் செட்டில் மேலே பதினெட்டு, கீழே இருபத்தெட்டு. எந்த ஜோடியைக் கூட்டினாலும் நாற்பத்தாறு வரவேண்டும். அப்போதுதான் பல்லும் பல்லும் ஒழுங்காகக் கவ்வும். ஜோடி மாறினால் கணக்கும் மாறி, மூன்றாம் கியருக்கும் நாலாம் கியருக்கும் நடுவில் உள்ள பள்ளம் குறையும்.

பழையதையும் புதியதையும் மேசை மேல் ஒரே தட்டில் கழுவிப் போட்டிருந்தார். இரண்டு முன் ஷாஃப்டும் கூடப்பிறந்ததுபோல் ஒரே சாடை. எடுத்தார், கண்ணை மூடினார், தடவினார். பதினெட்டு. பூட்டிவிட்டார்.

பத்தாம் நாள் டாக்டர் திரும்பி வந்தார். "ஒண்ணு, ரெண்டு, மூணு, எதுல போட்டாலும் அழுவுதுண்ணே. நாலுல மட்டும் வாயே தொறக்கல. சாமான் மட்டமா வந்திருச்சோ? திருப்பி அனுப்பிடவா?"

நாலாம் கியரில் ஓட்டம் அடி ஷாஃப்டுக்கு இறங்காமல் நேராகப் போய்விடும், அந்த ஜோடிக்குச் சுமை கிடையாது. மற்ற மூன்றிலும் சத்தம் வருகிறது என்றால் கோளாறு எங்கே என்று பல்லெண்ணிக்குக் காரைத் தொடாமலே தெரிந்துவிட்டது. கடைப்பக்கம் மச்சான் டயரை உருட்டிக்கொண்டு நின்று கேட்பதும் தெரிந்தது.

"பிரிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன் டாக்டர்."

மறுபடியும் ஜாக்கி, மறுபடியும் முதுகுக்கடியில் அட்டை. பாக்ஸைக் கழற்றி நெஞ்சின் மேல் இறக்கிக்கொண்டு, எழுந்திருக்கத் தெம்பில்லாமல் அதைக் கட்டிப்பிடித்தபடியே கொஞ்ச நேரம் கிடந்தார். கண்ணில் எண்ணெய் சொட்டியது. துடைக்கக் கையைத் தூக்குவதே பெரும்பாடாக இருந்தது. சாமான் மட்டம் என்று சொல்லிவிட்டால் போதும். டாக்டரே எடுத்துக் கொடுத்துவிட்டார். சத்தமில்லாமல் ஷாஃப்டை மாற்றிப் பூட்டினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அடுத்த பாக்ஸில் என்ன செய்வது? அதற்கும் அடுத்ததில்?

மத்தியானம் மனைவி வந்தபோது, பிரித்த ஷாஃப்டை நீட்டினார். "இதுல எத்தன பல்லு இருக்கு, எண்ணு."

"ஏன், உங்க விரலு எங்க போச்சு?"

"எண்ணுன்னா எண்ணேன்."

அந்த அம்மாள் ஒரு பல்லில் சாக்குக்கட்டியால் கோடு போட்டு நிதானமாகச் சுற்றி வந்தார். "பதினேழு." இவர் இன்னொரு தடவை எண்ணச் சொன்னார். மறுபடியும் பதினேழு. தட்டில் கிடந்த மற்றதில் பதினெட்டு.

"தடவுனா எல்லாம் ஒரே வழவழப்பா இருக்குடி" என்றார் இவர். "ஏழெட்டு மாசமா."

அம்மாள் அந்தக் கையைப் பிடித்து, நகத்தால் கட்டைவிரல் நுனியை அழுத்திக் கிள்ளினார். இவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "ஏழெட்டு மாசமா பொத்தான் போட இவ்வளவு நேரமான்னு நானும் கத்திக்கிட்டே இருந்தேனே" என்றார். சாப்பாடு ஆறிப்போனது.

சாயங்காலம் டாக்டர் வந்ததும் பல்லெண்ணி இரண்டு ஷாஃப்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"சாமான் தங்கம் டாக்டர். நான்தான் பழைய பதினேழையும் புது இருபத்தெட்டையும் ஜோடி மாத்திப் பூட்டிட்டேன். கை மரத்துப் போச்சு. தெரிஞ்சும் தடவித்தான் எண்ணுனேன், கண்ணால எண்ணல. அதான் தப்பு."

டாக்டர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தார். அவர் ஷாஃப்டைப் பார்க்கவே இல்லை, கையைத்தான் பார்த்தார். "சுகர் பாத்தீங்களா? கழுத்துல நரம்பு எதுவும் அமுங்கியிருக்கா? நான் பல்லுக்காரன், எனக்குத் தெரியாது. நாளைக்கே ஒரு நரம்பு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்." பிறகு கொஞ்சம் தயங்கி, "என் விரலு இப்படி ஆச்சுன்னா நான் யார்கிட்டயும் சொல்லுவேனான்னு தெரியலண்ணே" என்றார்.

"காரை வேற ஆள்கிட்டக் குடுத்துடுங்க."

"யாரு இருக்கா? நீங்களே முடிங்க. அம்மா எண்ணட்டும்."

அப்படித்தான் முடிந்தது. மூன்று நாள் ஆயிற்று. ஒவ்வொரு கியரையும் அம்மாள் கோடு போட்டு எண்ணிச் சொல்ல, ஜோடி சேர்ந்ததும் ஆட்டிப் பார்த்து எவ்வளவு இடைவெளி என்று சொல்ல, இவர் பூட்டினார். நடுவில் நாலு தடவை சண்டை வந்தது. "எண்ணும்போது பேசாதீங்க, விட்டுப்போகுது" என்று அதட்டு வாங்கினார். கார் வெளியே போனபோது மூன்றிலிருந்து நாலுக்கு என்ஜின் சுருதி குறையாமல் ஏறியது தெருமுனை வரை கேட்டது.

மச்சான் எல்லாவற்றையும் கேட்டிருந்தார். ஆனாலும் கொட்டகையைக் கேட்கவில்லை, டயரும் உள்ளே வரவில்லை. இரண்டு நாள் பார்த்துவிட்டுப் பல்லெண்ணியே கடைக்குப் போனார்.

"என்ன மச்சான், சொன்னத மறந்துட்டீங்களா? பாக்ஸ் திரும்பி வந்துச்சுல்ல. எடுத்துட்டு வாங்க டயரை."

"அதெல்லாம் ஒரு பேச்சுக்குச் சொன்னது. விடுங்க மச்சான்."

"நான் பேச்சுக்குச் சொல்லல."

மச்சான் தரையைப் பார்த்தார். "அந்த மேசை இருக்கட்டும். அதத் தாண்டி அடுக்கமாட்டேன்."

மத்தியானத்துக்குள் டயர்கள் வந்து மூன்று சுவரையும் மறைத்தன. கொட்டகை முழுக்கப் புது ரப்பர் வாடை. மேசையைச் சுற்றி ஒரு ஆள் நிற்கிற இடம் மிஞ்சியது. கியர் பாக்ஸ் இறக்க அது போதாது என்று இருவருக்குமே தெரியும். பல்லெண்ணி ஸ்பானர் சாவிகளைத் துடைத்து வைத்துவிட்டு, ஓரத்தில் தாழ்வாக அடுக்கியிருந்த நாலு டயர் மேல் உட்கார்ந்து பார்த்தார். முதுகுக்கு இதமாகத்தான் இருந்தது. அதுதான் அவருக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.