ஃபியோக்லாவின் வேன் அணைந்த பகல்

ஃபியோக்லா எங்கள் ஊர் பாலர் பள்ளியில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தவள். முப்பத்தாறு வயதில் வண்டி ஓட்டப் பழகி, பழைய வேன் ஒன்றை வாங்கி, ஊருக்கும் மாவட்டத் தலைநகருக்கும் ஆட்களை ஏற்றிப் போக ஆரம்பித்தாள். அவள் புருஷன் இன்னொகெந்தி பள்ளியில் பாட்டு வாத்தியார். ஸ்டியரிங்கைத் தொடவே பயப்படுவார். வீட்டில் சமையல் அவர் பொறுப்பு.

ஓட்ட ஆரம்பித்த இரண்டாவது குளிர்காலத்தில் மலைக்கணவாயில் வண்டி நின்றுபோனது. ஒன்பது மணி நேரம் தனியாக உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். இடது காலில் குளிரில் விறைத்துக் கருகிப்போன இரண்டு விரல்களை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். அதிலிருந்து அவளுக்கு ஒரே ஒரு சட்டம். அக்டோபர் பிறந்தால் ஏப்ரல் முடியும்வரை, வழியில் எங்கே நிறுத்தினாலும் எஞ்சினை அணைக்கக் கூடாது.

போன ஜனவரியில் கண் டாக்டரைப் பார்க்க நானும் அவள் வேனில் போனேன். மைனஸ் ஐம்பத்து நாலு டிகிரி குளிர். மொத்தம் ஆறு பேர். புதிதாக வந்த கணக்கு வாத்தியார் அர்சேனியும் இருந்தார். குளிர் அதிகமில்லாத கருங்கடல் பக்கத்து ஆள், பனி என்றால் போட்டோ எடுக்கிற வயசு.

பாதி வழியில் தெகாப்ரினா நடத்தும் சாப்பாட்டுக்கடை. அங்கே போனதும், மேட்டில் டேங்கர் லாரி குறுக்கே சறுக்கி நிற்கிறது, எடுக்கும்வரை யாரும் போக முடியாது என்றார்கள். ஃபியோக்லா எஞ்சினை ஓடவிட்டு முதலில் இறங்கினாள். கடைசியாக இறங்கியவர் வாத்தியார். குதிரைக்கறி சூப்பும் பால்டீயுமாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்துவிட்டோம். ஜன்னலில் விரற்கடை கனத்துக்குப் பனி, இரட்டைக் கதவு. வெளியே இடி விழுந்தாலும் உள்ளே கேட்காது.

அப்புறம் ஒரு லாரி டிரைவர் உள்ளே வந்தார். "ரோடு விட்டாச்சு. வெளிய நிக்கற வேன் யாரோடது? சத்தத்தையே காணோமே."

ஃபியோக்லா கோட்டு பொத்தானைக்கூடப் போடாமல் ஓடினாள். நாங்களும் பின்னாலேயே போனோம். வாத்தியார் முகம் வெளுத்துவிட்டது.

"நான்தான் அக்கா அணைச்சேன். நீங்க மறந்துட்டீங்கன்னு நெனச்சேன். பெட்ரோல் வீணாப் போகுதேன்னு..."

"ஏன் தம்பி," என்றாள் தெகாப்ரினா, "உங்க ஊர்ல தூங்கும்போது மூச்சையும் நிறுத்தி மிச்சம் பிடிப்பீங்களோ?"

யாரும் சிரிக்கவில்லை. ஃபியோக்லா சாவியைத் திருகினாள். ஒரு முனகல் கேட்டது. மறுபடி திருகியபோது அதுவும் இல்லை. சாவியை உருவிக்கொண்டு இறங்கினாள்.

"கெட்டுப்போகல. வெறச்சிருக்கு, அவ்வளவுதான். போர்வை எல்லாம் கொண்டாங்க."

சீட்டுக்கு அடியிலிருந்த பேட்டரியைக் கழற்றி, துணியில் சுற்றி, தெகாப்ரினாவின் அடுப்புப் பக்கத்தில் வைத்தோம். அந்த வேனில் எஞ்சின் இருப்பது டிரைவருக்கும் பக்கத்து சீட்டுக்கும் நடுவில். கிடைத்த ரஜாய், கலைமான் தோல் எல்லாவற்றையும் அதன்மேல் குவித்தோம். லாரி டிரைவர் தீயைப் பீய்ச்சி அடிக்கும் தன் புளோ லாம்பைக் கொடுத்தார். ஃபியோக்லா பனியில் கம்பளி விரித்து வண்டிக்கு அடியில் படுத்து, ஆயில் தொட்டிக்குக் கீழே தகரத்தைப் பிடித்து, தீ நேராகப் படாதபடி சூடு காட்டிக்கொண்டே இருந்தாள். ஆயில் கெட்டித் தார் மாதிரி ஆகியிருந்தது.

வாத்தியார் அவள் தலைமாட்டில் மண்டிபோட்டார். "திட்டிருங்க அக்கா. நீங்க திட்டாம இருக்கறதுதான் பயமா இருக்கு."

"வாயைத் தொறந்தா பல்லு வெறச்சுரும். வண்டி கெளம்பட்டும், உள்ள உக்காந்து திட்டறேன். இப்போ முன்னாடி போய் அந்தக் கம்பியைச் சுத்துங்க. வேகமா மூச்சு வாங்காதீங்க, நெஞ்சு புண்ணாயிரும்."

முன்பக்கம் கம்பியைச் செருகிக் கையால் சுற்றினால் எஞ்சின் அசையும். வாத்தியார் தொங்கிப் பார்த்தார், நகரவில்லை. அரைமணி கழித்துக் கால் சுற்று வந்தது. இன்னும் கொஞ்சம் சூடு காட்டியதும் அரைச் சுற்று. அவர் புருவமெல்லாம் வெள்ளை பூத்துவிட்டது. ஒன்றேகால் மணி நேரத்துக்குப் பிறகு ஒரு முழுச் சுற்று வந்தது. "பேட்டரி," என்றாள் ஃபியோக்லா.

சூடான பேட்டரியைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கி வந்து மாட்டினோம். சாவியைத் திருகினாள். இருமியது. இரண்டாம் தடவை பிடித்தது, உடனே அணைந்தது. அவள் கண்ணை மூடி, உள்ளுக்குள் எண்ணுகிற மாதிரி காத்திருந்தாள். மூன்றாம் தடவை ஒரு சிலிண்டர் மட்டும் தட்டியது, அப்புறம் இன்னொன்று, அப்புறம் மொத்த வண்டியும் உதறிக்கொண்டு உறுமியது. வெள்ளைப் புகை எங்களை மூடிக்கொண்டது.

கை தட்ட ஒருவருக்கும் தெம்பில்லை. தெகாப்ரினா வாசற்படியிலேயே உட்கார்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ஃபியோக்லா நெற்றியை ஸ்டியரிங்மேல் வைத்து வெகுநேரம் எடுக்கவில்லை. எடுத்தபோது முகம் தெளிந்திருந்தது.

"எல்லாரும் ஒண்ணுக்குப் போயிட்டு வந்து ஏறுங்க. இனி எங்கயும் நிக்க மாட்டேன்."

கணவாய் தாண்டியதும் வாத்தியார் மெல்ல நினைவுபடுத்தினார். "திட்டறேன்னு சொன்னீங்களே அக்கா."

"என்ன சொல்லணும்னு நெனச்சேன்னே மறந்துபோச்சு," என்றாள். அப்போதுதான் வேன் முழுக்கச் சிரிப்பு வந்தது. வாத்தியார் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

மாவட்டத் தலைநகர் போய்ச் சேர்ந்து, என் சின்னம்மா மகன் வீட்டுக் கணப்புள்ள கொட்டகையில் வேனை விட்டோம். அங்கிருந்து ஃபியோக்லா புருஷனுக்குப் போன் செய்தாள். "ரோடு அடைச்சிருந்துச்சு, அதான் லேட்டு," என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. பிறகு இரண்டு தட்டு கறிக்கொழுக்கட்டை சாப்பிட்டு, மூன்றாவது தட்டில் பாதியிலேயே உட்கார்ந்தபடி தூங்கிப்போனாள். கையிலிருந்த முள்கரண்டியை நான்தான் மெல்ல வாங்கி வைத்தேன்.