மடிப்பு வைத்த கவுன்

பழைய செய்தித்தாளைக் கத்தரி வெட்டும்போது ஒரு வறட்டுச் சத்தம் வரும். துணியை வெட்டுகிற சத்தம் போல மெத்தென்று இருக்காது. சோற்றில் மணல் கடிபட்டது போலப் பல் கூசும். யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில், இராசிபுரத்துக்கு மேற்கே இருந்த எங்கள் ஊரில், என் அம்மா சமையல்கட்டுத் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து, மை ஒட்டிய விரல்களால் அப்படிக் காகிதம் வெட்டிக்கொண்டிருந்தாள். என் படிப்பை நினைத்தால் பலகையும் பல்பமும் வருவதற்கு முன்னால் அந்தச் சத்தம்தான் காதில் வருகிறது. படிப்புக்கும் கத்தரிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள், சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் பெரியப்பா சொன்னதுதான் சட்டம். கெட்ட மனிதர் இல்லை. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போனவர்தான். மாட்டின் கொம்பில் வருஷா வருஷம் விழுகிற வளையத்தைப் பார்த்த மாத்திரத்தில் வயசைச் சொல்லிவிடுவார். அவர் பக்கத்தில் நின்றால் தரகர்கள் பொய் சொல்லக் கூசுவார்கள். என்னைப் பள்ளிக்கு அனுப்பலாமா என்று அப்பா தயங்கித் தயங்கிக் கேட்ட அன்று, பெரியப்பா வெற்றிலையை மென்றுகொண்டே, "கவுனு போடற வரைக்கும் போவட்டும். பாவாட கட்டற காலம் வந்தா ஊட்டோட இருந்துக்கட்டும்" என்றார். சின்னப் பிள்ளையாக இருக்கும் வரை போகட்டும் என்பதுதான் அவர் நினைத்தது; சொன்னதை மறந்துவிட்டு வயலுக்கும் போய்விட்டார். கதவுக்குப் பின்னால் நின்று கேட்ட அம்மா மறக்கவில்லை. அப்படியானால் கவுன் போட்டுக்கொண்டே இருந்தால் போய்க்கொண்டே இருக்கலாம் அல்லவா என்று அவள் கணக்குப் போட்டுவிட்டாள்.

தம்பி மனைவி மூத்தவர் எதிரில் நின்று பேசுகிற வழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை. ஆகையால் அம்மா தன் கணக்கை யாரிடமும் சொல்லவில்லை. அவளுக்கு அந்த ஆசையைக் கிளப்பிவிட்டவர் எங்கள் பள்ளியில் தையல் சொல்லிக்கொடுத்த டீச்சரம்மா. எங்கள் வீட்டுக்குத் தயிர் வாங்க வருவார். "உங்க பொண்ணு எட்டாவது முடிச்சிட்டா டிரெய்னிங் போயி என்னாட்டம் டீச்சராயிரலாமுங்க" என்று ஒருநாள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்று முழுவதும் அம்மா சட்டியையும் பானையையும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள்.

வந்த வினை என்னவென்றால், நான் வளர்ந்தேன். அம்மா பிறந்த வீட்டில் எல்லோரும் நெடுநெடுவென்று இருப்பார்கள். அந்த உடம்பு எனக்கு வந்துவிட்டது. பத்து வயசில் என் கவுன்களெல்லாம் முழங்காலுக்கு மேலே ஏறிக்கொண்டன. அப்போது வந்த புது மோஸ்தர் கவுன்களுக்கு இடுப்பில் பட்டை வைத்திருப்பார்கள். அதைப் போட்டால் உயரம் இன்னும் தெரிந்தது. அம்மா டீச்சரம்மாவிடம் கேட்டு, அவர் குழந்தையாக இருந்தபோது போட்ட பழைய மோஸ்தர் கவுனின் "அளவுக் காயிதம்" வாங்கி வந்தாள். செய்தித்தாளில் வெட்டியது. மாருக்கு மேலே ஒரு சின்னப் பட்டி, அதற்குக் கீழே சுருக்கு வைத்து தொளதொளவென்று கீழே இறங்கும், இடுப்பே கிடையாது. யார் போட்டாலும் தவழ்கிற குழந்தை எழுந்து நிற்பது போல இருக்கும் என்று டீச்சரம்மா சிரித்தாராம். அம்மாவுக்கு வேண்டியதும் அதுதான்.

ஆனால் அந்தக் காகிதம் ஐந்து வயசுப் பிள்ளைக்கானது. அம்மா அதை நெடுக்கிலும் குறுக்கிலும் வெட்டி, துண்டுகளைத் தரையில் விலக்கி வைத்து, நடுவில் வேறு காகிதத்தைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டிப் பெரிதாக்கினாள். கைக்குழி இறுக்கியது, மறுபடியும் வெட்டி ஒட்டினாள். குண்டூசி ஏது, கருவேல முள்ளைக் குத்தி என் மேல் வைத்துப் பார்ப்பாள். யுத்தச் செய்தி என் மார்பில் தலைகீழாகக் கிடக்கும். குனிந்து அதை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். "அசங்காத சாமி, குத்திரும்" என்பாள். துணி வெட்டுகிற அன்று ஒரு தப்பு செய்தாள். காகிதம் பாதி உடம்புக்குத்தான், துணியை மடித்து மடிப்பின் மேல் வைத்து வெட்டவேண்டும் என்பதை மறந்து கரையோரம் வைத்து வெட்டிவிட்டாள். முன்பக்கம் இரண்டு துண்டாகப் போயிற்று. துணி கிடைக்காத காலம். அவள் அழவில்லை, இரண்டையும் சேர்த்துத் தைத்து, தையல் தெரியாமல் மேலே வரிசையாகப் பொத்தான் வைத்தாள். எதையும் திறக்காத அந்தப் பொத்தான்களைப் பார்த்துப் பள்ளியில் சிரிப்பார்கள்.

அந்தக் கவுனின் சூட்சுமம் கீழே இருந்தது. கீழ்ச்சுற்றில் ஒன்றன் மேல் ஒன்றாக மடிப்பு மடிப்பாகப் பிடித்துத் தைத்திருந்தாள். "டக்கு" என்று டீச்சரம்மா சொல்வார். நான் வளர வளர ஒரு டக்கைப் பிரித்துவிட்டால் கவுனும் வளரும். எப்போதும் முழங்காலுக்குக் கீழே நான்கு விரல். பார்க்கிறவர்களுக்கு நான் அப்படியே இருப்பது போலத் தோன்றும்.

முதல் டக்கைப் பிரித்த அன்றுதான் விஷயம் புரிந்தது. இளம்பிள்ளை என்கிற ஊரிலிருந்து மூட்டை கட்டி வந்த வியாபாரியிடம் வாங்கிய ஊதாத் துணி அது. யுத்தத்தால் நல்ல சாயம் வராமல் நின்றுபோயிருந்தது. வெயிலிலும் கிணற்றுத் தண்ணீரிலும் கவுன் வெளுத்திருக்க, மடிப்புக்குள் ஒளிந்திருந்த துணி மட்டும் வாங்கிய அன்றைய ஊதாவாகவே இருந்தது. கவுனைச் சுற்றிப் பளிச்சென்று ஒரு வளையம். அம்மா நனைத்த சாக்கால் மற்ற இடத்தையெல்லாம் மூடி, அந்த வளையத்தை மட்டும் வெயில் படும்படி பாறையில் விரித்தாள். அது திட்டுத் திட்டாக வெளுத்து இன்னும் மோசமாயிற்று. பிறகு அதன் மேல் வெள்ளை நாடா வைத்துத் தைத்தாள். அடுத்த டக்குக்கு அடுத்த நாடா.

நானும் என்னால் ஆனதைச் செய்தேன். பெரியப்பா வந்தால் முழங்காலைக் கொஞ்சம் மடக்கி நடப்பேன். இல்லாவிட்டால் சட்டென்று உட்கார்ந்துகொள்வேன். குறைவாகச் சாப்பிட்டால் வளரமாட்டேன் என்று எனக்கே ஒரு யோசனை வந்து, ஒருநாள் இரண்டாம் களி உருண்டையை வேண்டாமென்றேன். ஏன் என்று அம்மா கேட்டாள், சொன்னேன். களியை எடுத்த அவள் கை சட்டிக்கும் என் வட்டிலுக்கும் நடுவில் அப்படியே நின்றது. பெற்றவள் அந்த நேரம் என்ன நினைத்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். பிறகு உருண்டையை வட்டிலில் போட்டு, "தின்னு கண்ணு, வளந்தா வளந்துட்டுப் போ" என்றாள்.

மாரியம்மன் நோம்பிக்கு அத்தை வந்தாள். அப்பாவின் தங்கை; வாய் நிறையச் சிரிப்பவள், எனக்கென்று முறுக்கு கட்டிக்கொண்டு வருபவள். வாசலில் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது என்னை அருகில் இழுத்து நிறுத்தி, கவுனின் ஓரத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாள். கரை தேய்ந்த நாடாக்களுக்கு அடியில் ஊதா எட்டிப் பார்த்தது. விரலை ஒவ்வொரு வளையமாக ஏற்றிக்கொண்டே போனாள்.

"ஏனுங்ணா, இங்க பாருங்க. கொம்புல வளையம் எண்ணறாப்பல எண்ணிப்போடலாமுங்க. அம்மிணி எத்தன வளத்தி வளந்திருக்குது!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய. பெரியப்பா மட்டும் குனிந்து பார்த்தார். துணியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் கொம்பு வளையம் என்றதும் புரிந்துவிட்டது. கீழிருந்து மேலே பார்த்து, என் முகத்தையும் பார்த்தார். "அட, ஆமா" என்றார் ஆச்சரியமாக. பிறகு என் தலையைத் தடவி, "போதும் சாமி. நோம்பி கழிஞ்சு பாவாடையே கட்டிக்க" என்றார். அதட்டியிருந்தால் அழுதிருக்கலாம். அவர் அன்பாகச் சொல்லிவிட்டார். அப்பா தரையைப் பார்த்தார். கதவுக்குப் பின்னால் கரண்டி கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது, அவ்வளவுதான். நான் வயசுக்கு வருவதற்கு முன்பே என் கவுன் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

அடுத்த வாரம் டீச்சரம்மா தயிர் வாங்க வந்தார். பெரியப்பா கட்டிலில் இருந்தார். டீச்சரம்மா என் பாவாடையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், தயிரை வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஐந்தாவதோடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. பிறகு படித்ததெல்லாம் கைக்குக் கிடைத்த புத்தகங்களில் நானாகப் படித்தது. அத்தை மகனையே கட்டிக்கொண்டேன். அத்தை என்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்துக்கொண்டாள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இப்போது அந்தப் பள்ளி இருந்த இடத்தில் லாரிக்குக் கூண்டு கட்டுகிற பட்டறை இருக்கிறது. பகலெல்லாம் இரும்பு தட்டுகிறார்கள். டீச்சரம்மா எந்த ஊருக்குப் போனார் என்று தெரியவில்லை. பெரியப்பாவின் வீடு பாகம் பிரிந்து நடுவில் சுவர் எழும்பிவிட்டது. போனவற்றில் பலவற்றுக்காக நான் ஏங்கவில்லை. அந்தக் கதவுக்குப் பின்னால் நிற்கிற வழக்கம் போனதே, அது போய்த் தொலைந்தது என்றுதான் சொல்வேன். சேலத்தில் உத்தியோகம் பார்க்கும் என் மகள், கூடத்தின் நடுவில் நின்று அவள் அப்பாவிடம் முடியாது என்றால் முடியாது என்கிறாள்.

போன மாதம் இந்தக் கதையை அவளிடம் சொன்னேன். "ஆயா ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்லம்மா?" என்றாள். நானும் அம்மா உயிரோடு இருந்தபோது அதைத்தான் கேட்டேன். முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தவள் தலை நிமிராமல், "எனக்குப் பேசற வாய் ஏது சாமி? கைதான இருந்துது. தெச்சேன்" என்றாள். அதை மகளிடம் அப்படியே சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை, வாய் ஏன் இல்லை என்று என் முகத்தையே பார்த்தாள். புரியாமலே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.