சந்திரகலா கட்டிய பழுப்பு ஈ

சந்திரகலாவுக்குப் பொறாமை வந்தால் மூக்கு நுனி சிவந்துவிடும். மாநிறத்துக்காரிதான், ஆனாலும் சிவக்கும். செங்கம் ரோட்டில் நான் தையல் கடை திறந்த நாளிலிருந்து கல்யாண ரவிக்கைகளுக்கு ஜரிகைப் பூ போடும் ஆரி வேலை அவளுடையது. ஆகவே அந்த மூக்கை நான் பார்த்த அளவுக்கு அவள் புருஷன் தருமன்கூடப் பார்த்திருக்க மாட்டான்.

அடி அண்ணாமலையில் நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போடுகிற குடும்பத்துப் பெண். தருமன் வாடகைக் கார் ஓட்டுகிறான், தங்கமான ஆள். கொழுந்தன் வீட்டில் பெரிய ஃப்ரிட்ஜ் வந்து இறங்கியதும், அது ஓடுகிற சத்தத்தில் தூக்கம் வரவில்லை என்று சண்டை பிடித்து, தனிக்குடித்தனமாக வேங்கிக்காலுக்குப் போனவள் இவள். நடுவில் இரண்டு சுவர் இருந்தன என்பது வேறு விஷயம்.

வேலையில் குறை சொல்ல முடியாது. அவள் போடும் பூ துணியோடு துணியாக, அங்கேயே பூத்த மாதிரி இருக்கும். அதுதான் வம்பு. வருகிறவர்கள் முதலில் கை வைப்பது ரேணுகாம்பாள் போட்ட ரவிக்கையில். ரேணுகா அவளுக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவள், வயதிலும் சின்னவள். அவள் பூ தெருமுனையிலிருந்தே மின்னும். ஒவ்வொரு முறையும் யாராவது "ஐயோ, இது யாரு போட்டது?" என்று கேட்க, ரேணுகா தலையைக் குனிந்து சிரிக்க, சந்திராவின் மூக்கு சிவக்கும்.

இந்த நிலைமையில்தான் நைஜல் வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வெள்ளைக்காரர். குளிர்காலம் தோறும் ஆசிரமத்துக்குப் பின்னால் அறை எடுத்துத் தங்கி, காலையில் கண்ணை மூடி உட்காருவார். ஒருநாள் மெல்லிய பட்டு நூல் இருக்கிறதா என்று கேட்டு வந்து, மேஜைமேல் ஒரு சின்னப் பெட்டியைத் திறந்தார். உள்ளே வரிசையாக ஈக்கள். நிஜ ஈ என்று நினைத்து ரேணுகா கையை ஓங்கிவிட்டாள்.

என் ஓட்டை இங்கிலீஷில் நான் புரிந்துகொண்டது இவ்வளவு. நீலகிரி மேலே சில்லென்று ஓடும் ஓடைகளில் ட்ரவுட் என்று ஒரு மீன். வெள்ளைக்காரர் காலத்தில் கொண்டுவந்து விட்டது, இப்போது தானாகவே பெருகிக் காட்டு மீனாகிவிட்டது. புழு வைத்தெல்லாம் இவர் பிடிக்க மாட்டார். குட்டித் தூண்டில் முள்ளில் நூலும் இறகும் ரோமமும் சுற்றிப் பூச்சி மாதிரி கட்டி, நீளக் கயிற்றைச் சாட்டைபோல வீசி, அந்தப் பொய் ஈயைத் தண்ணீரில் இறக்குவார். மீன் ஏமாந்து கவ்வும். அனுமதிச் சீட்டெல்லாம் வாங்கிக்கொண்டு போய், பிடித்து, முள்ளைக் கழற்றி, திரும்பவும் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்.

"விட்டுடறதுக்கு எதுக்குங்க நீலகிரி வரைக்கும்? இங்க சமுத்திரம் ஏரியிலயே புடிச்சு விடலாமே," என்றான் சந்திராவைக் கூட்டிப்போக வந்திருந்த தருமன். ஆனால் கார் சவாரி அவனுக்குத்தான் என்று தெரிந்ததும் அந்தப் பேச்சை நிறுத்திக்கொண்டான்.

நைஜலுக்குக் கை நடுக்கம், இனி அவரால் ஈ கட்ட முடியாது. முள்ளைப் பிடித்துக்கொள்ளும் குட்டி வைஸ் ஒன்றை மேஜையில் பொருத்தி, எப்படிச் சுற்றுவது என்று காட்டினார். கடைக்காரி நான் எதிரிலேயே நிற்க, அவர் கேட்டது அந்த இரண்டு பேரின் விரல்களைத்தான். எனக்கும் கொஞ்சம் வயிறு எரிந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். சந்திரா நாட்டுச் சேவலின் கழுத்து இறகும் பழுப்புக் கம்பளி நூலும் வைத்துக் கட்டினாள். பார்த்தால் சாக்கடைப் பூச்சிதான். ரேணுகா கிளிப்பச்சைப் பட்டும் ஜரிகையும் சுற்றிக் குட்டி மணி ஒன்றும் கோத்துவிட்டாள். இருவருடையதையும் வாங்கிக்கொண்டு நைஜல் மலைக்குப் போனார்.

திரும்பி வந்தபோது அவர் தொப்பியைப் பார்த்ததும் சந்திராவின் மூக்கு சிவந்துவிட்டது. தொப்பியைச் சுற்றிலும் ரேணுகா கட்டிய ஈக்கள் குத்தியிருந்தன. இது கோயில் ஊர். இங்கே ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டால் அதற்குப் பரிவட்ட மரியாதை என்று அர்த்தம். சந்திரா கட்டியவை ஒரு மிட்டாய் டப்பாவுக்குள் கிடந்தன. இறகு பிய்ந்து, நூல் அவிழ்ந்து, நாய் குதறிய செருப்பு மாதிரி இருந்தன. அவற்றை அவள் முன்னால் கொட்டி, கட்டை விரலை உயர்த்திக் காட்டிச் சிரித்தார்.

"இதே மாதிரி இன்னும் நிறைய வேணுமாம்," என்று நான் சொன்னேன்.

அவர் போனதும் சந்திரா அத்தனையையும் குப்பைக்கூடையில் கொட்டினாள். "பிஞ்சு போச்சுன்னு வாயால சொல்ல மனசு வரல அவருக்கு. நான் என்ன நூலு கம்மியாவா சுத்தினேன்? ஓடையில அப்படி இன்னாதான் ஆச்சு, உன் வூட்டுக்காரரைக் கேளுன்னு சொல்லாதீங்கக்கா. அந்த ஆளு குளிருதுன்னு கண்ணாடிய ஏத்திட்டு கார்லயே தூங்கிட்டு வந்திருக்குது."

அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாட்டு நேரமெல்லாம் அவளுக்கு ஜரிகையோடுதான் போயிற்று. தங்கம், வெள்ளி, ரோஜா நிறம், மூன்று மணி, நாலு மணி. ரேணுகாவைவிட மின்ன வேண்டும், அந்தத் தொப்பியில் ஏற வேண்டும். வேறு நினைப்பே இல்லை. அவர் கேட்டது பழுப்பு ஈயாச்சே என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

"அவரு கேக்கறது ஒண்ணு, தலையில வெக்கறது ஒண்ணு. நீங்க சும்மா இருங்கக்கா," என்றாள்.

மறுபடி புறப்படும் முன் நைஜல் வந்தார். சந்திராவின் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். பழுப்பு இல்லையா என்று மெதுவாகக் கேட்டார். இப்போது இதுதான் கட்டுகிறாளாம் என்றேன். மரியாதை தெரிந்த மனுஷர், அழகாக இருக்கிறது என்று சொல்லி வாங்கிக்கொண்டார். சந்திராவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

சொன்ன நாளுக்கு முன்பே மலையிலிருந்து இறங்கிவிட்டார். வந்தவர் உட்கார்ந்து, என்னை மொழிபெயர்க்கச் சொல்லிப் பொறுமையாகப் பேசினார். ஒரு மீன்கூட வரவில்லை. ஓடைத் தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்திருக்கிறது, மின்னுகிற எதைக் கண்டாலும் மீன் கல்லுக்கு அடியில் ஓடிவிடுகிறது. ட்ரவுட்டுக்குப் பொடிப் பொடியாகப் பற்கள் உண்டு. கவ்வினால் ஈ கிழியும். கிழிந்த ஈதான் ஜெயித்த ஈ. தொப்பியில் இருப்பவை மீன் தொடாதவை. அழகாயிருக்கின்றனவே, வீணாக்க வேண்டாமென்று குத்திக்கொண்டார்.

நான் இதைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் சந்திராவின் முகம் பார்க்கச் சகிக்கவில்லை. ரேணுகா எழுந்துபோய்த் தன் கைப்பையிலிருந்து ஒரு டப்பாவைக் கொண்டுவந்து திறந்தாள். உள்ளே முழுக்கப் பழுப்பு ஈக்கள். அதே கம்பளி, அதே கழுத்து இறகு, அதே சுற்று.

"அவரு இன்னும் வேணும்னு கேட்டது உன்னுதைத்தானேக்கா. என்னுதுல ஒண்ணுகூடக் கேக்கல. எனக்கு மட்டும் எரியாதா? அதான் நீ எப்படிக் கட்டியிருக்கேன்னு பிரிச்சுப் பார்த்துக் கத்துக்கினேன். இவரு மலைக்குப் போனப்புறம்தான் கைக்கு வந்துச்சு," என்றாள்.

நைஜல் ஒன்றை எடுத்து என் தண்ணீர்ச் சொம்பில் போட்டுப் பார்த்தார். குழந்தைபோலச் சிரித்தார். டப்பாவை அப்படியே வாங்கிக்கொண்டார். போகும்போது சந்திரா மனம் நோகக் கூடாதென்று அவளுடைய ரோஜா நிற ஈயைத் தொப்பியின் முன்பக்கம், நட்ட நடுவில் குத்திக்கொண்டு, பார் என்று தலையைக் காட்டினார். அவள் ஆசைப்பட்ட இடம் கிடைத்துவிட்டது. அவள் அந்தத் தொப்பியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இந்த முறை தருமனிடம் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினாள். "வண்டியில படுத்துக்காத. கூடவே போ. கிழியுதான்னு மட்டும் பார்த்துச் சொல்லு."

கிழியக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தாள். அது எனக்குத் தெரியும், ரேணுகாவுக்கும் தெரியும். போன் வந்தபோது இரண்டு பேரும் துணியை இழுத்துக் கட்டிய ஒரே மரச்சட்டத்துக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து ஒரு கல்யாணப் பெண்ணின் ரவிக்கைக்குப் பூ போட்டுக்கொண்டிருந்தார்கள். கையில் ஊசி இருந்ததால் சந்திரா ஸ்பீக்கரில் போட்டாள்.

"மீனா? அள்ளி அள்ளிப் புடிச்சு விட்டாருன்னு வெச்சுக்கோயேன்," என்றான் தருமன்.

"ஈ இன்னா ஆச்சு?"

"எல்லாம் கிழிஞ்சுடுச்சு. ஒண்ணுகூட மிச்சம் இல்ல. ரேணுகா கைக்குத் தங்கக் காப்பு போடணும்னு சொல்லிக்கினே வராரு."

போனை அணைத்தாள். மூக்கு சிவக்கவில்லை, முகமே வெளுத்திருந்தது.

"அந்தக் கட்டு என்னுது. நான் யோசிச்சுக் கட்டினது. குப்பையில இருந்து எடுத்துத்தான் பிரிச்சுப் பார்த்தியாடி?"

ரேணுகா ஊசியை நிறுத்தவில்லை. "உன்னுதுதான்க்கா. நீ வேணாம்னு போட்டே. நான் எடுத்துக்கினேன்."

சந்திரா அப்படியே சட்டத்தின்மேல் கவிழ்ந்து அழுதாள். பட்டில் கண்ணீர் பட்டால் கறை போகாது. அவள் முகத்துக்கு அடியிலிருந்து சட்டத்தை மட்டும் மெதுவாக இழுத்துக்கொண்டேன்.