ஆட்டுக்கறிக்காரனின் கீரைப் பானை

மே பென் நகரத்துக்கு மேலே மலையில் யார் வீட்டில் கல்யாணம் என்றாலும், யார் செத்தாலும், முதலில் ஆள் அனுப்புவது எவரால்ட் பின்னக்குக்குத்தான். ஆட்டைக் கொண்டுவந்து கட்டிவிட்டால் போதும். அறுப்பதிலிருந்து தலை சூப்பு இறக்குவது வரை அவன் பாடு. விறகடுப்புப் பக்கத்தில் காலை ஊன்றி நின்றான் என்றால் பந்தி முடிகிறவரை உட்கார மாட்டான்.

அந்தக் காலிலேதான் வந்தது வினை. வலது பெருவிரலுக்கு அடியில் ஒரு புண். காசு அளவுதான், ஆனால் ஆறவில்லை. வலிக்கவும் இல்லை. வலிக்காததால் எவரால்ட் அதைக் கண்டுகொள்ளவில்லை. கிளினிக்கில் நர்ஸ் ஹின்ட்ஸ் கண்டுகொண்டாள்.

"சர்க்கரைய இப்படியே விட்டீங்கன்னா டாக்டர் இந்த விரல எடுத்துருவாரு, எவரால்ட் ஐயா. ஆகஸ்ட் வரைக்கும் பாப்போம். அதுக்கு மேல என் கையில இல்ல."

எவரால்ட் காலைப் பூட்ஸுக்குள் நுழைத்தான். அவன் அப்பனுக்கும் முதலில் விரல்தான் போனது. பிறகு பாதம். பிறகு முழங்கால். கடைசியில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து போகிற வருகிறவர்களைத் திட்டுவதே வேலையாகக் கிடந்தான். உட்கார்ந்துகொண்டு கல்யாணப் பானையைக் கிளற முடியுமா?

வீட்டுக்குப் போகாமல் நேராக ஓடைக்கு அந்தப் பக்கம் லின்வலிடம் போனான். லின்வல் ராஸ்தாக்காரன், அந்த மதத்து வழக்கப்படி சடைமுடி இடுப்பு வரைக்கும். கறி, மீன், பால், முட்டை எதுவும் தொட மாட்டான். சாப்பாட்டில் உப்பும் கிடையாது. இத்தனை வருஷமாக எவரால்டைப் பார்த்தால் "வாய்யா, பிணம் வேக வைக்கிறவனே" என்றுதான் கூப்பிடுவான். எவரால்டும் "போடா, புல்லு தின்னி" என்பான். இரண்டு பேருக்கும் அதுதான் வணக்கம்.

"டேய் லின்வல், நானும் உன்ன மாதிரி சாப்பிடப் போறேன்."

லின்வல் சிரிக்கக் கூட இல்லை. காலைப் பார்த்தான். "சிங்கமே, ஒரே நாள்ல எல்லாத்தையும் விட்டீன்னா ஞாயித்துக்கிழமை திருட்டுத்தனமா கோழி திம்ப. ஒண்ணொண்ணா விடு."

அப்படியே செய்தான். முதலில் பன்றியும் மாடும் போயின. அது பெரிய கஷ்டமாக இல்லை. அடுத்து கோழி. மூன்றாவதாக, காலையில் சோளமாவுக் கஞ்சியில் ஊற்றுகிற டப்பாப் பால். அதை விட்ட வாரத்தில் அவன் பொண்டாட்டி மார்வா தாய் வீட்டுக்குப் போய்விடலாமா என்று யோசித்தாள், அவ்வளவு எரிச்சல் அவனுக்கு. கடைசியில் ஆடு. ஆட்டை விட்ட அன்றைக்கு யாரோடும் பேசாமல் வாழைத் தோட்டத்தில் களை வெட்டினான்.

ஆனால் விட்டான். மாத்திரையையும் ஒழுங்காக விழுங்கினான். ரம் கடையில் நின்று மார் தட்டினான். "சர்க்கரைய நான் மடக்கிட்டேன்டா. ரத்தத்துல ஒரு துளி கொழுப்பு கிடையாது இப்ப."

மாம்பழக் காலம் வந்தது. அந்த மலையில் மாம்பழம் வந்துவிட்டால் பானையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள். யாரும் சமைப்பதில்லை. காலையில் மாம்பழம், மத்தியானம் மாம்பழம், படுக்கப் போகும்போது ஒன்று. எவரால்டும் மரத்தடியில் வாளியோடு உட்கார்ந்தான். மரத்தில் காய்த்தது, கறியில்லை, பாலில்லை, லின்வலே பக்கத்தில் உட்கார்ந்து சாறு வடியத் தின்கிறான், பிறகென்ன? பசி எடுத்தால் தேங்காய்ப்பாலில் வெந்த வள்ளிக்கிழங்கு, வாழைக்காய், கையளவு மாவு உருண்டைகள்.

ஜூலையில் கிளினிக்குக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனான். மெஷின் காட்டிய எண்ணை நர்ஸ் ஹின்ட்ஸ் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், மறுபடியும் மெஷினைப் பார்த்தாள். முன்பைவிட அதிகம்.

"என்ன சாப்பிட்டீங்க?"

"ராஸ்தாக்காரன் லின்வல் மாதிரி புல்லுதான் திங்கறேன், நர்ஸ். சத்தியமா."

"எந்தப் புல்லுல மாம்பழம் காய்க்குது? சட்டையில மஞ்சக் கறை இருக்கு பாருங்க."

குனிந்து பார்த்தான். இருந்தது.

"கறிய விட்டதுக்கு நான் ஒண்ணும் சொல்லல, நல்லதுதான்," என்றாள். "ஆனா கறி இருந்த இடத்துல கிழங்க அடுக்கிட்டீங்க. அதுவும் உள்ள போனா சர்க்கரைதான். தட்டுல பாதி கீரை, கோஸ், வெண்டைக்காய். கால் பங்கு பயறு. கிழங்கு மிச்ச மூலையில ஒரு துண்டு. மாம்பழம் ஒரு கீத்து, அதுக்கு மேல கூடாது. அந்த ராஸ்தாக்காரர் நாள் முழுக்க மலையில மண்வெட்டி புடிக்கிறாரு, அவருக்குச் சர்க்கரையும் இல்ல. அவரு வயிறும் உங்க வயிறும் ஒண்ணா?"

திரும்பி வரும்போது ரம் கடைப் பக்கம் பார்க்காமல் நடந்தான். லின்வலிடம் மட்டும் போய்ச் சொன்னான். லின்வல் தாடியைச் சொறிந்தான். "எனக்கு இது தெரியாதுய்யா. பச்சைத் துவரை காய்ச்சிருக்கு, பறிச்சுக்கோ." அவ்வளவுதான்.

மறுநாளே கவிழ்த்த பானையை நிமிர்த்தினான் எவரால்ட். தெருவில் அவன் வீட்டில் மட்டும் புகை. ஆட்டுக்கறிக்குப் போடுகிற வெங்காயத்தாள், பூண்டு, தைம் இலை, மிளகாய், மசாலா எல்லாவற்றையும் துவரையிலும் தண்டுக்கீரையிலும் போட்டான். மசாலாவுக்கு ஆடு எது கீரை எது என்று தெரியுமா? மார்வா இரண்டாம் தடவை தட்டை நீட்டினாள்.

ஆகஸ்டுக்கு முந்தின சனிக்கிழமை, டாக்கின்ஸ் வீட்டுக் கல்யாணம். பெரிய பானையில் ஆடு, பக்கத்தில் சின்னப் பானையில் அவனுடைய கீரை. ஆட்டுக்கு உப்பு, காரம் எல்லாம் மூக்கால் பார்த்தான், சந்தேகம் வந்தால் மார்வாவைக் கூப்பிட்டான். சூப்பு இறங்கியது. அந்த ஊர் வழக்கம், முதல் கோப்பையைச் சமையல்காரன் குடித்த பிறகுதான் மற்றவன் கை நீட்டுவான். மாப்பிள்ளையின் மாமன் கோப்பையை மொண்டு நீட்டினார். கூட்டம் சுற்றி நின்றது. ஆவி மூக்கில் ஏறியது. எவரால்டுக்கு நாக்கு ஊறவில்லை என்று சொன்னால் அது பொய்.

"நான் குடிக்கிறதில்ல," என்றான்.

"பாத்தீங்களா!" பின்னாலிருந்து ஒருத்தன் கத்தினான். "சமைச்சவனே தொட மாட்டேங்கிறான். என்னத்தப் போட்டானோ!"

மாமன் முகம் மாறியது. கோப்பையைக் கீழே வைக்கவில்லை. "ஒரு வாய் குடிப்பா. என் குடும்பத்துக்கு இது அவமானம்."

ஒரு வாய்தான். ஒரு வாயால் விரல் போய்விடாது. ஆனால் இன்றைக்கு ஒரு வாய் என்றால் அடுத்த சனிக்கிழமை இன்னொரு வீட்டில் இன்னொரு மாமன் நிற்பான். எவரால்ட் கோப்பையை வாங்கினான். வாங்கி மார்வா கையில் கொடுத்தான்.

"எனக்கு ரெண்டு வாய்ங்க. கீரைக்கு இது. கறிக்கு அது. கல்யாணம் பண்ணின அன்னிக்கே பாதிரியார் எங்க ரெண்டு பேரையும் ஒண்ணுன்னு சொல்லிட்டாரு."

மார்வா கோப்பையைக் காலி செய்து, உதட்டைத் துடைத்தாள். "கொஞ்சம் உப்பு கம்மி, பின்னக். மத்தபடி சாகாம இருப்பீங்க எல்லாரும்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மாமனும் சிரித்துவிட்டார். கைகள் நீண்டன. அன்றைக்குச் சாயங்காலம்வரை நின்றுதான் பரிமாறினான். நர்ஸ் சொன்னபடி மெத்தை வைத்த பூட்ஸ் போட்டிருந்தான், நடுநடுவே மட்டும் ஒரு பெட்டிமேல் கொஞ்சம் உட்கார்ந்தான்.

ஆகஸ்டில் கிளினிக் பெஞ்சில் காலை நீட்டினான். நர்ஸ் ஹின்ட்ஸ் துணியைப் பிரித்தாள். மெஷின் எண் இறங்கியிருந்தது, இன்னும் இறங்க வேண்டும் என்றாள். புண் இருந்த இடத்தில் புதுத்தோல் இளஞ்சிவப்பாக மூடியிருந்தது. டாக்டரும் வந்து குனிந்து பார்த்துவிட்டு, "இதை வெட்ட வேண்டியதில்ல," என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.

"மாத்திரைய நிறுத்தாதீங்க. தினமும் கண்ணாடி வச்சு பாதத்தப் பாருங்க," என்றாள் நர்ஸ்.

"பாக்கறேன்."

"அடுத்த மாசம் வாங்க. வரும்போது அந்தத் துவரைய ஒரு டப்பாவுல கொண்டு வாங்க. ஊரே அதப் பத்திதான் பேசுது."

"கொண்டு வரேன். ஆனா நர்ஸ், தட்டுல கால் பங்குதான்."

பூட்ஸை மாட்டி நாடாவை இறுக்கினான். மேல் தெருவில் ஒரு கிழவர் செத்துப்போயிருந்தார், அவர் வீட்டு ஆடு கட்டிக் கிடந்தது. எவரால்ட் பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் நடக்க ஆரம்பித்தான்.