எஸ்தர் அக்காவுக்கு எங்கள் லைன் கொடுத்த சாம்பிள்

முந்தாநாள் சூப்பர்வைசர் சார் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்த படத்தில் நான் முதலில் பார்த்தது அக்காவின் முகத்தை இல்லை. ஓரத்தில், மேஜை மேல் தெரிந்த என் கையை. கையில் வெள்ளை உறைகள்.

அப்புறம்தான் மேலே "ஆழ்ந்த இரங்கல்" என்று இருந்ததைப் படித்தேன்...

எஸ்தர் அக்கா இறந்துவிட்டார். ஆம்பூர் ஷூ கம்பெனியில் எனக்குப் பக்கத்து மெஷின். ரத்தப் புற்றுநோய்.

என் டிபனைக் கேட்காமல் எடுத்துச் சாப்பிடுகிற ஒரே ஆள். "உப்பு ஜாஸ்திடி. இருந்தாலும் குடு."

வேறொருவரின் ஸ்டெம் செல் ஏற்றினால் பிழைக்க வழி உண்டு, ஆனால் அது பொருந்த வேண்டும் என்று வேலூர் டாக்டர் சொன்னார். கூடப் பிறந்தவர்களுக்குப் பொருந்தவில்லை. ஸ்டெம் செல் கொடுக்கச் சம்மதித்தவர்களின் பெயரைப் பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து வைத்திருக்கிற பட்டியலில் தேடினார்கள்.

"எனக்கு ஜெர்மனில ஆள் தேடறாங்களாம்டி. நாம தைச்ச ஷூவ போட்டுகினு நடக்கிறவன் எவனாவது மாட்டுவான் பாரு!"

மாட்டவில்லை. அந்தப் பட்டியலில் நம் பக்கத்து ஆட்கள் ரொம்பக் கம்மியாம். அதனால் கம்பெனியிலேயே கேம்ப் போட்டார்கள். பஞ்சுக் குச்சியால் கன்னத்தின் உள்பக்கம் தேய்த்து, பெயர் எழுதிய உறையில் போட வேண்டும். வெளிநாட்டு லேபுக்குப் போகும். அவ்வளவுதான் வேலை.

ஒன்பது பேர் தைக்கிற எங்கள் லைன் முறை வந்தபோது ஷிப்மென்ட் அவசரம். கேம்ப் ஆட்கள் உறைகளை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

சார் என்னைக் கூப்பிட்டார். "லைன நிறுத்த முடியாதும்மா. ஒன்பது பேருக்கும் நீயே போட்டுடு. ஃபயர் டிரெய்னிங்குக்குப் போடுவ இல்ல, அதே மாதிரி."

ஷூ வாங்குகிற வெளிநாட்டு பையர் ஆடிட்டுக்கு வரும்போதெல்லாம், நடக்காத டிரெய்னிங்குக்கு எல்லார் கையெழுத்தையும் நான்தான் போடுவேன். பத்தாவதோடு நின்றவள்தான், ஆனால் எழுத்து நன்றாக இருக்கும். தலையாட்டினேன். எனக்கு அதுதான் வரும்.

ஒன்பது குச்சி. எல்லாம் என் கன்னம்.

"எனக்கு நல்லா அழுத்தித் தேய்மா, ஒல்லியா இருக்கேன்" என்றார் ஒரு அண்ணன். சிரித்தோம்... த்தூ.

அப்போதுதான் அக்கா உள்ளே வந்தார், தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு. மெஷின் மெஷினாகப் போய் நன்றி சொன்னார். என் கன்னத்தைக் கிள்ளினார். சார் போட்டோ எடுத்தார்.

சில வாரம் கழித்து கேம்ப் மேடம் வந்தார். "ஒன்பதும் ஒரே ஆளோடதுன்னு லேப்ல சொல்லிட்டாங்க சார். எதையும் பட்டியல்ல சேத்துக்க மாட்டாங்க. மறுபடி எடுக்கணும்."

"மிக்ஸ் ஆயிருக்கும் மேடம். இந்த ஷிப்மென்ட் முடியட்டும்."

அதற்கப்புறம் அடுத்த ஷிப்மென்ட் வந்தது. அதற்கும் அடுத்தது...

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது அக்கா கேட்டார். "நம்ம லைன்ல யாருதும் ஒத்துக்கலையா?"

"இல்லக்கா."

"வுடு. குடுத்தீங்களே, அதுவே போதும்."

ஒன்றாவது பொருந்தியிருக்குமா, தெரியாது. பார்க்கவே விடவில்லை நாங்கள்.

"எங்கள் குடும்பத்தில் ஒருவர்" என்று எழுதியிருக்கிறார் சார். கம்பெனி குரூப்பில் மீதி எட்டுப் பேரும் அழுகிற பொம்மை போட்டிருக்கிறார்கள். காறித் துப்பத் தோன்றுகிறது. கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தாலும் அதேதான்.

போய்ட்டு வாங்க அக்கா. உங்களிடம் நான் சொன்னது பொய்.

இன்று காலை கம்பெனியில் மௌன அஞ்சலி. சார் வாட்சைப் பார்த்து "ரெண்டு நிமிஷம் ஆச்சு, உக்காருங்க" என்றார். அக்காவின் வீட்டுக்காரர் வந்திருந்தார். எங்கள் லைன் முன்னால் கையெடுத்துக் கும்பிட்டு, "அன்னிக்கு நீங்கல்லாம் குடுத்தீங்கன்னு கடைசி வரைக்கும் சொல்லினே இருந்தா" என்றார்.

யாரும் நிமிரவில்லை. நான் மெஷினை ஆஃப் செய்துவிட்டு அவர் பக்கத்தில் போய், ஒன்பதும் என்னுடையதுதான் என்று சொன்னேன்.