சொல்லக்கூடாத நேர்த்தி

நான் சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சைக்கு இரண்டாம் தரம் விண்ணப்பித்த அதே கிழமையில், அம்மா சுவாமிப் படம் மாட்டியிருந்த ஆணியில் ஒரு மஞ்சள் துணி முடிச்சைக் கட்டித் தொங்கவிட்டார். உள்ளே ஒரு குற்றிக்காசு. எங்கள் பக்கத்தில் நேர்த்தி வைப்பவர்கள் இப்படித்தான் காசு முடிந்து வைப்பார்கள். கேட்டது கிடைத்துவிட்டால் முடிச்சைக் கொண்டுபோய்க் கோயிலில் சேர்த்து, நேர்ந்ததையும் செய்துவிட்டு வருவார்கள். தொண்டைமானாற்றில் இருந்துகொண்டு எந்தக் கோயில் என்று யாரும் கேட்பதில்லை. சந்நிதி முருகன்தான்.

"என்ன நேத்தியம்மா?" என்று கேட்டேன்.

"அடியழிக்கிறதெண்டு வைச்சிருக்கிறன்."

"அது சரி. என்னத்துக்கு?"

"சொல்லக்கூடாது. சொன்னால் பலிக்காது."

அடியழிப்பது வெறும் கும்பிடு இல்லை. கோயில் வீதி மணலில் அடிக்கு அடி விழுந்து எழும்பிச் சுற்றி வரவேண்டும். ஒவ்வொரு நாளும் முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு படுக்கிற மனுசி அவ்வளவு பெரிய நேர்த்தியை வைக்கிறார் என்றால், கேட்டதும் பெரிதாகத்தான் இருக்கும். வேறொரு பிள்ளையாக இருந்தால் தனக்காகத்தான் என்று நினைத்து நெஞ்சு நிறைந்து போயிருப்பாள். எனக்குச் சந்தேகம் கூடவே பிறந்தது. கடைக்காரர் சிரித்த முகத்தோடு மரக்கறி நிறுத்தால் நான் தராசைத்தான் பார்ப்பேன். "உவளைச் சட்டம் படிக்க விட்டால்தான் சரி" என்று அப்பா இருந்த காலத்தில் பகிடியாகச் சொல்லுவார். அவர் பகிடியாகச் சொன்னதை நான் உண்மையாக எடுத்துக்கொண்டேன்.

முதல் தரம் எழுதியபோது தவறிவிட்டேன். அதற்குக் காரணமும் இந்தக் குணம்தான். நாலு விடையில் ஒன்று பளிச்சென்று சரியாகத் தெரிந்தால் அதை நான் நம்பமாட்டேன். இவ்வளவு லேசாகக் கேட்பார்களா, இதில் ஏதோ பொறி இருக்கிறது என்று அழித்துவிட்டு வேறொன்றைப் போடுவேன். பெறுபேறு வந்த கையோடு சுவிசிலிருந்து அண்ணை போன் எடுத்தார். இன்னும் ஒருமுறை எழுதலாம், அதுவும் சரிவராவிட்டால் தனக்குத் தெரிந்த ஒரு பெடியனைக் கட்டிக்கொண்டு அங்கே வந்துவிட வேண்டும் என்றார். நானும் அழுத முகத்தோடு ஓம் என்றுவிட்டேன். பெடியனில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஒரு குறையும் இல்லாமல் எப்படி ஒருவன் இருக்கலாம் என்பது எனக்கு வேறு சந்தேகம்.

ஆகவே பாஸ் பண்ணினால் கொழும்பு, சட்டம். பிழைத்தால் சுவிஸ், கலியாணம். இதில் எதை அம்மா முருகனிடம் கேட்டார் என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அம்மா கருவாடு போடுகிறவர். அப்பா போன பிறகு வீடு ஓடுவது அதில்தான். விடியக் கரைக்குப் போய் மீன் எடுத்து வந்து, வெட்டி, உப்புப் போட்டு, முற்றத்தில் விரித்த பழைய வலையில் காயவிடுவார். காகம் கலைப்பது என் வேலை. முதல் தரம் நான் அரசியலமைப்பை ஒரு கையிலும் பூவரசந்தடியை மறு கையிலும் வைத்துக்கொண்டுதான் படித்தேன். இந்தமுறை அம்மா தடியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"நீ உள்ளுக்கை போய்ப் படி. காகத்தை நான் பாக்கிறன்."

பிறகு பார்த்தால் மீன் தலை என் சோற்றுக் கோப்பைக்கு வரத் தொடங்கியது. விளைமீன் தலை என்றால் எங்கள் வீட்டில் அண்ணைக்குத்தான். அண்ணை போன பிறகு அது அம்மாவுக்கு. கேட்காமலே தேத்தண்ணி வந்தது. படலையடியில் யார் வந்து என்னை விசாரித்தாலும் "கொம்பியூட்டர் படிக்கிறாள்" என்று சொல்லி அங்கேயே அனுப்பிவைத்தார். சோதினைக் கதை வெளியில் போனால் நாவூறு படுமாம். அதையும் என்னால் நம்ப முடியவில்லை. நான் பிழைத்தால் ஊருக்குத் தெரியாமல் கலியாணத்தை ஒப்பேற்ற வசதி என்றும் அதை எடுத்துக்கொள்ளலாம்தானே.

மற்றப் பக்கத்துக்கும் சாட்சிகள் இருந்தன. யாழ்ப்பாணத்தில் எங்கள் வகுப்பில் மாதிரிப் பரீட்சை வைத்த சனிக்கிழமை அம்மாவுக்கு வயிற்றுக்குத்து வந்தது. நான் அச்சுவேலியால் போகிற பஸ்ஸை விட்டுவிட்டு வீட்டில் நின்றேன். மத்தியானம் பார்க்கிறேன், அம்மா கிணற்றடியில் குந்தியிருந்து மீன் கழுவிக்கொண்டிருக்கிறார். "இப்ப சுகமாப் போச்சு" என்றார். இன்னொரு நாள், சீலை கட்டி நான் எடுத்த படத்தை என் போனிலிருந்து அண்ணைக்கு அனுப்பியிருந்தார். போனைப் பாவிக்கத் தெரியாது என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அதை எப்போது பழகினார் என்று எனக்கு விளங்கவில்லை.

அதோடு கேள்விகள் வேறு. ஒருநாள் கருவாடு புரட்டிக்கொண்டே கேட்டார்.

"கொழும்பிலை எத்தினை வருசம் படிக்கவேணும்?"

"மூண்டு வருசம். பிறகு பயிற்சியும் கிடக்கு."

"பயிற்சியை இஞ்சை வந்து செய்யேலாதோ?"

"அதை அப்ப பாப்பம்."

இரண்டு நாள் கழித்து அண்ணையோடு கதைக்கும்போது, சுவிசில் கலியாணம் கட்டிப் போகிற பிள்ளைகளை எத்தனை வருசத்துக்கு ஒருக்கால் ஊருக்கு வர விடுவார்கள் என்று விசாரித்தார். நான் அறைக்குள் இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். இரண்டையும் நிறுத்துப் பார்க்கிறார், எந்தப் பக்கம் தராசு சாய்கிறது என்று தெரிந்தால் போதும் என்று நினைத்தேன்.

வகுப்பில் சண்டிலிப்பாயிலிருந்து வருகிற ஒருத்தியோடு மட்டும் கொஞ்சம் கதைப்பேன். அவளையும் முழுதாக நம்பியதில்லை. "ஐயோ, நான் ஒண்டும் படிக்கேல்லை" என்பாள். கைவிரல் முழுக்கப் பேனை மை இருக்கும். ஆனால் மூளைக்காரி. முடிச்சுக் கதையை ஒருநாள் அவளிடம் சொன்னபோது ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

"இதிலை என்ன கிடக்கு. றிசல்ற் வரட்டும். நீ பாஸ் பண்ணி, கொம்மா போய் அடியழிச்சால் நீ பாஸ் பண்ணவேணும் எண்டு கேட்டவ. நீ பாஸ் பண்ணியும் பேசாமல் இருந்தா எண்டால் மற்றதைக் கேட்டவ."

எனக்கு அந்த நியாயம் நன்றாகப் பிடித்துக்கொண்டது. யாரையும் கேட்கத் தேவையில்லை. முடிச்சு இருக்கிறதா, போய்விட்டதா என்று பார்த்தால் போதும்.

பரீட்சைக்கு அம்மாவும் என்னோடு கொழும்புக்கு வந்தார். வெள்ளவத்தையில் அப்பாவின் ஒன்றுவிட்ட தங்கச்சி, எனக்கு மாமி முறையானவர், அவருடைய வீட்டில் தங்கினோம். பொம்பிளைப் பிள்ளைகள் தங்குகிற இடங்கள் எப்படி, சாப்பாடு எப்படி, ஊருக்குப் போகிற பஸ் எங்கே ஏறுவது என்று மாமியைத் துருவித் துருவிக் கேட்டார். குறை பொறுக்குகிறார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பின்னேரம் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ரயில் தண்டவாளத்துக்கு அங்காலே பாறையும் அலையும். அம்மா கனநேரம் பார்த்தார்.

"இதிலை வள்ளத்தை எங்கை இழுத்து விடுறது?" என்று கேட்டார்.

"இஞ்சை ஒருதரும் வள்ளம் விடுறேல்லையம்மா. சும்மா வந்து பாக்கிறவை."

"சும்மா பாக்கிறதுக்கு ஒரு கடல்" என்றார்.

மறுநாள் மண்டபத்து வாசலில் என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டார். பூசியதைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் பூசினார். அந்த இரண்டாம் பூச்சு எந்தப் பக்கத்துச் சாட்சி என்று யோசித்துக்கொண்டே உள்ளே போய் இருந்தேன். வினாத்தாள் வந்தது. ஒரு புதினம் என்னவென்றால், இந்தமுறை எனக்கு வினாத்தாளில் சந்தேகமே வரவில்லை. இருந்த சந்தேகம் முழுவதும் அம்மாவில் செலவழிந்துவிட்டது. பளிச்சென்று தெரிந்த விடையைப் போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போனேன். மொழிப் பேப்பரில் சுருக்கம் எழுதியபோதுகூட அழித்து எழுதவில்லை. வெளியே வந்தபோது அம்மா மதிலோரம், தண்ணீர்ப் போத்தலை மடியில் வைத்தபடி நிலத்தில் இருந்தார். எப்பிடி என்றார், பரவாயில்லை என்றேன். தலையை ஆட்டினார். முகத்தில் ஒன்றையும் வாசிக்க முடியவில்லை.

பெறுபேறு வந்த அன்று நான் முற்றத்தில்தான் நின்றேன். பரீட்சை முடிந்ததோடு தடி திரும்ப என் கைக்கு வந்திருந்தது. போனைப் பார்த்துவிட்டு "அம்மா, நான் எடுபட்டிட்டன்" என்றேன். வெட்டிக்கொண்டிருந்த மீனை வைத்துவிட்டு, கையைக் கழுவித் துடைத்து, வந்து என் கன்னங்களைப் பிடித்துக் கொஞ்சினார். கண் கலங்கியிருந்தது. அந்தப் பின்னேரமே அயலுக்கெல்லாம் பாயாசம் போனது. கொம்பியூட்டர் படித்த பிள்ளை திடீரென்று எப்படிச் சட்டத்துக்கு எடுபட்டாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர்கள் வீட்டிலும் அப்படி ஒரு கொம்பியூட்டர் வகுப்பு நடந்திருக்கும். அண்ணை போனில் வாழ்த்துச் சொன்னார், பெடியன் வீட்டுக்குத் தான் சொல்லிக்கொள்கிறேன் என்றார். சண்டிலிப்பாய்க்காரியும் எடுபட்டிருந்தாள்.

எல்லோருக்கும் சந்தோசம். நான் மட்டும் முடிச்சைப் பார்த்தபடி இருந்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. அம்மா குளித்து, வெளுத்த சீலை உடுத்தி, சந்நிதிக்குப் போனார். முடிச்சு ஆணியில் இருந்தது. வழக்கம்போல அர்ச்சனை செய்துவிட்டு வந்து வாழைப்பழமும் திருநீறும் தந்தார். அடுத்த வெள்ளியும் அப்படியே. மூன்றாவது வெள்ளி நானே வாயைத் திறந்தேன்.

"முழங்கால் நோ எண்டால் நானும் கூட வாறன். பிடிச்சுப் பிடிச்சு அடியழிக்கலாம்."

"இப்ப வேண்டாம் பிள்ளை" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார்.

தீர்ப்பு வந்துவிட்டது. நான் இரவு பகலாகப் படித்துக்கொண்டிருந்தபோது, எனக்குப் பத்தடி தள்ளி, பெற்ற தாய் நான் தவறவேண்டும் என்று கும்பிட்டிருக்கிறார். அன்றிரவு வந்த மீன் தலையை அம்மாவின் கோப்பைக்கே திருப்பி வைத்தேன். அதற்குப் பிறகு கொழும்புக்குப் போகும் நாள்வரை அம்மாவோடு தேவைக்கு மட்டும்தான் கதைத்தேன். அவரும் ஏன் என்று கேட்கவில்லை. அந்தக் கேளாமையையும் சாட்சிக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

போவதற்கு முதல்நாள் அம்மா என் பையை அடுக்கிக்கொண்டிருந்தார். கருவாட்டைப் பேப்பரில் சுற்றி, அதன்மேல் பொலித்தீன் சுற்றி, மணக்காமல் கட்டினார். என்னால் அதற்குமேல் அடக்க முடியவில்லை.

"நான் பாஸ் பண்ணக்கூடாது எண்டுதானே நேத்தி வைச்சனீங்கள்?"

அம்மா நிமிர்ந்து பார்த்தார். கோபிக்கவில்லை. அப்படி ஒரு கதையை அவர் எதிர்பார்க்கவில்லை என்று மட்டும் தெரிந்தது.

"ஆர் சொன்னது?"

"ஒருதரும் சொல்லேல்லை. பாஸ் பண்ணினால் அடியழிச்சிருப்பியள்தானே. முடிச்சு அப்பிடியே கிடக்கு."

"கிடைக்காததுக்கு எப்பிடியடி அடியழிக்கிறது."

"அப்ப சுவிசுக்குப் போகவேணும் எண்டு கேட்டிருக்கிறியள்."

"அதுவும் கேக்கேல்லை."

நாலு விடையில் ஒன்றைத் தெரிவுசெய்கிற பரீட்சைக்கு வருசக்கணக்காகப் படித்தவள் நான். அம்மாவுக்கு மட்டும் இரண்டே இரண்டு விடை வைத்திருந்தேன். இரண்டும் பிழை. அம்மா பொலித்தீன் முடிச்சை இறுக்கிக்கொண்டே சொன்னார்.

"நீ இஞ்சை என்னோடை நிக்கவேணும் எண்டு கேட்டனான். சோதினை பாஸ் பண்ணு, பண்ணாமல் விடு, அது உன்ரை விருப்பம். கொழும்புக்கும் போகாமல் சுவிசுக்கும் போகாமல் எப்பிடி நிப்பாய் எண்டு எனக்குத் தெரியாது. அதை முருகன் பாக்கட்டும் எண்டு விட்டனான்."

வயிற்றுக்குத்து வந்த சனிக்கிழமை, வருசக் கணக்குக் கேட்டது, வள்ளம் இழுக்க இடமில்லாத கடலை அவ்வளவு நேரம் பார்த்தது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து என் முன்னால் நின்றன. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அழுகை வந்தது. ஆனாலும் வாய் பழக்கதோசத்தில் ஒரு கேள்வி கேட்டது.

"சொன்னால் பலிக்காது எண்டனீங்கள். இப்ப ஏன் சொல்லுறியள்?"

"விடிஞ்சால் போறாய்" என்றார். "இனிச் சொன்னால் என்ன."

நான் பக்கத்தில் போய் இருந்து அவருடைய கையைப் பிடித்தேன். உப்பில் வெடித்த கை. படிப்பு முடிந்ததும் வந்துவிடுவேன், பருத்தித்துறைக் கோட்டில் வழக்குப் பேசுவேன், ஒவ்வொரு நாளும் இங்கிருந்துதான் பஸ்ஸில் போய்வருவேன் என்று சொன்னேன். சொன்னது உண்மையாகத்தான் சொன்னேன்.

அம்மா என் முகத்தைப் பார்த்தார். கண்ணைக் கொஞ்சம் சுருக்கி, நெற்றியிலிருந்து நாடிவரை, ஒன்றும் விடாமல் பார்த்தார். கடைக்காரரின் தராசை நான் பார்க்கிற பார்வை யாரிடமிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் கண்டேன். பிறகு எழும்பிப்போய்ச் சுவாமிப் படத்தடியில் நின்றார். முடிச்சைக் கழற்றப் போகிறாரோ என்று நினைத்தேன். அது தளர்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு, இன்னும் ஒருமுறை இறுக்கிக் கட்டினார்.

"கிடக்கட்டும்" என்றார். "பாப்பம்."